கோரம் இல்லை

யாப்பு, பிரிவு ஒன்பது: இருபத்தைந்து பேர்.
நான் மூன்று தரம் எண்ணிவிட்டேன்.
தேநீர் ஊற்ற எழும்பிய திலகேஸ்வரி அக்காவையும் சேர்த்து
இருபத்துநான்கு.

வெளியே கொட்டாஞ்சேனை மழை.
ஆமர் வீதியில் முழங்கால் தண்ணீர் என்று
குழுவில் படம் போட்டவர்கள்
படத்தோடு நின்றுகொண்டார்கள்.
அறுபது ரோல்ஸுக்குச் சொல்லியிருந்தேன்.
பெட்டிகளின் அடியில் எண்ணெய் ஊறுகிறது.

டொரொன்டோக் கிளை திரையில் விழித்திருக்கிறது.
அங்கே விடியற்காலை ஐந்தரை.
போர்வைக்குள்ளிருந்து ஒரு முகம்,
"தொடங்குங்கோவன், குளிருது" என்கிறது.
திரையில் வருவோர் கணக்கில் சேரார்.
அதுவும் யாப்புத்தான்,
போன வருடம் நாங்களே திருத்தியது.

"கோரம் இல்லை" என்றார் பொருளாளர் நியாஸ்.
சொன்ன பிறகு
அந்தச் சொல் தமிழில் வேறென்னவாய்க் கேட்கும் என்று
தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தவர்போல்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போதுதான் ரேமண்ட்:
"கேற்றில் நிற்கிற செக்யூரிட்டி?
அந்த ஆளும் இங்கே படித்ததாம்.
என் டிரைவரிடம் சொல்லியிருக்கிறது."

பதினொரு வருடமாய் எனக்குக் கேற் திறப்பவர்.
பெயர் சவரிமுத்து என்பது
சட்டைப்பைக்கு மேல் தைத்திருப்பதால் தெரியும்.
சப்பாத்தை வாசலில் விட்டு
ஈரக் காலுறையோடு உள்ளே வந்தார்.
"எட்டு வரைக்கும்தான் மிஸ். முடிக்கல்ல."
"ஒரு வருடம் போதும்" என்றேன்,
"பிரிவு மூன்று."
சந்தா ஐந்நூறு.
ரேமண்ட் பையில் கைவிட முன்னமே
நனைந்த நோட்டொன்று மேசையில் ஒட்டிக்கொண்டது.
பற்றுச்சீட்டை இரண்டாய், பிறகு நாலாய் மடித்தார்.

வரவேட்டில் ஐந்து கட்டங்கள்.
பெயர். முகவரி. வகுப்பு.
விலகிய ஆண்டு என்ற இடத்தில்
பேனை கொஞ்சம் நின்றது.
1983 என்று எழுதினார்.
மாதத்துக்குக் கட்டம் இல்லை.
யாரும் கேட்கவும் இல்லை.
நான் எண்பத்தாறில் பிறந்தவள்.
மேலே மின்விசிறி மட்டும்
தன் பழைய கிறீச்சைத் தொடர்ந்தது.
குளிருது என்ற முகம்
கமெராவை அணைத்துவிட்டது.

இருபத்தைந்து.

சென்ற கூட்டறிக்கை வாசித்து ஏற்கப்பட்டது.
கணக்கறிக்கை, ஒரு சின்னச் சண்டையோடு, ஏற்கப்பட்டது.
பதினைந்து வயதுக்குட்பட்ட வலைப்பந்து அணிக்கு
சப்பாத்து வாங்க ஒத்துக்கொண்டோம்.
பிறகு பெரிய விஷயம்:
துருப்பிடித்த முன் கேற்றை அகற்றி
கொடையாளர் பெயர் பொறித்த வளைவும்
தானாகத் திறக்கும் கதவும்.
வண்ணப் படம் கைமாறிப் போனது.
ஆதரவாகக் கைகள்.
நான் பென்சிலால் கோடு கோடாய்க் குறித்தேன்.
எதிர்ப்பவர்கள் என்று
வழமைக்குக் கேட்டார் தலைவர்,
தலை நிமிராமல்.

பின்வரிசையில் ஒரு கை.

ரேமண்டின் கதிரை முனகியது.
"சொல்லுங்க" என்றார் தலைவர்.
சவரிமுத்து எழுந்து நின்றார்.
எட்டாம் வகுப்புப் பிள்ளை நிற்பதுபோல்,
விரல்கள் முன்கதிரையைப் பிடித்தபடி.
"படம் வடிவாத்தான் இருக்கு சேர்.
ஆனா பழைய கேற்ற உள்ளுக்கிருந்து பூட்டலாம்.
இதுல உள்பக்கம் தாழ்ப்பாள் காணல்ல."

அவ்வளவுதான். இருந்துவிட்டார்.

அறிக்கையில் நான் எழுதியது:
தீர்மானம் நிறைவேறியது.
ஒருவர் எதிர்ப்பு.
திருத்தம்: உட்புறத் தாழ்ப்பாள் ஒன்று.
முன்மொழிந்தவர் திரு. ச. சவரிமுத்து.
வழிமொழிந்தவர் என்ற இடத்துக்கு
மூன்று குரல்கள் ஒன்றாய் வந்தன.
திலகேஸ்வரி அக்காவின் பெயரைப் போட்டேன்.
அவவும் எண்பத்து மூன்றுதான்.
இத்தனை வருடம் நான் அதைக் கவனித்ததில்லை.

மிஞ்சிய ரோல்ஸ் முப்பத்தொன்று.
பகிர்ந்துகொண்டோம்.

திங்கள் வேலை முடிந்து வருகையில்
ஐந்துலாம்புச் சந்திக் கடையில் விலை கேட்டேன்.
பித்தளை, பன்னிரண்டு அங்குலம்.
"கேற்றுக்கு வெளியிலயா, உள்ளுக்கா?"
கடைக்காரர் கல்குலேட்டரைத் தட்டியபடி கேட்டார்.

உள்ளுக்கு என்றேன்.
கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.
அவர் நிமிர்ந்து பார்த்தார்.